'அடியில யாரு பாக்கப் போறா?' கடலோரத்தில் பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் தலைகீழாகப் போடும் கணக்கு

கருக்களாச்சேரியில் ராத்திரி வாசலில் நிறுத்திய பைக்கின் சீட்டைக் காலையில் துடைத்தால் விரலில் பிசுபிசுவென ஒட்டும். காரைக்கால் மாவட்டத்தின் கடலோர மீனவர் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது செய்தியே இல்லை. உப்புக்காற்று. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், சைக்கிள் செயின் என அது தொடாத இரும்பு கிடையாது.

இதே காற்றில் ஒருவர் பழைய அம்பாசிடரையோ மாருதி 800-ஐயோ வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்க ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ப்ராஜெக்ட் கார்' என்கிறார்களே, அதுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் உட்கார்ந்து, ஒன்றிரண்டு ஆண்டுகள் இழுக்கும் வேலை. முதல் செலவு எதற்குப் போகும்? பெரும்பாலும் பெயின்ட். அடுத்து சீட் கவர், அலாய் வீல், மியூசிக் சிஸ்டம். வண்டியின் அடிப்பாகம் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரே பதில்தான்: "அடியில யாரு பாக்கப் போறா?"

உப்பு பார்க்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் காருக்கு இந்தச் செலவு வரிசை அப்படியே தலைகீழாக மாற வேண்டும். முதல் ரூபாய் அடிப்பாகத்துக்கு, கடைசி ரூபாய் பளபளப்புக்கு. 'ஒரு தடவை கறுப்பு கோட்டிங் அடிச்சா போதும், கவலையே இல்ல' என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். ஏன் என்று பார்க்கலாம்.

கடலோரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள் போதும்: தண்ணீர், ஆக்சிஜன். உப்பு அங்கே தூண்டிவிடும் வேலையைச் செய்கிறது. உப்புக் கரைந்த நீரில் மின்னூட்டம் எளிதாக ஓடும் என்பதால் துருப்பிடிக்கும் வினை வேகமெடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேல் உருவாகும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உடைத்துவிடுகிறது. இதில் குளோரைடு தீர்ந்துபோவதும் இல்லை. கழுவி வெளியேற்றும் வரை அங்கேயே இருந்து அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை, 33 சதவீதம் போதும். ஆகவே காரின் அடியில் ஒட்டிய உப்பு, மழை பெய்யாத நாளிலும் இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். 'வண்டியை மழையில எடுக்கவே மாட்டேன்' என்பது கடலோரத்தில் முழுப் பாதுகாப்பு ஆகாது.

மேல் பாகத்து உப்பை மழை கழுவிவிடும், வெயில் காயவைக்கும். அடிப்பாகத்துக்கு இரண்டும் கிடையாது. சக்கர வளைவின் உள்பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகடு, குறுக்குச் சட்டம் ஆகிய இடங்களில் சேறும் உப்பும் சேர்ந்து ஈரத்துணி மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவு வேகம் என்பதற்கும் ஒரு அளவுகோல் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரநிலை, காற்றின் அரிக்கும் தன்மையை சி1 முதல் சி5 வரையும், அதற்கு மேல் சி.எக்ஸ். என்றும் பிரிக்கிறது. சி5 வகைச் சூழலில் பெயின்ட் இல்லாத சாதாரண இரும்பு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் இழக்கும். பெரும்பாலான கார்களின் தரைத்தகடு 1,000 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெயின்ட் உரிந்த ஒரு மூலையை நாலைந்து மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை.

பாம்பன் சொல்லும் பாடம்

உப்புக்காற்றோடு இரும்பு நடத்தும் சண்டைக்குத் தமிழ்நாட்டில் பாம்பனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1914-ல் திறக்கப்பட்ட ரயில் பாலம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அது தானாக நிற்கவில்லை. சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, தேய்ந்த பாகத்தை மாற்றுவது எனப் பராமரிப்பு ஓயாமல் நடந்ததால் நின்றது. கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலோக்சேன் பூச்சு, முழுவதும் வெல்டிங் செய்த இணைப்புகள் எனத் துருவை மனதில் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள்.

இந்தத் துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் நம்மிடம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் நன்கொடையிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது 'சிக்ரி', 1953 முதல் இயங்குகிறது. உலோக அரிப்பு அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று.

பாலத்துக்குப் பொருந்துவது காருக்கும் பொருந்தும். பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பாதி வேலைதான். திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது மீதிப் பாதி.

போவது அழகு மட்டுமா?

கதவில் துரு வந்தால் அழகு கெடும். அடியில் வந்தால் உயிருக்கே ஆபத்து. அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 எல்லாவற்றிலும் தனிச் சேஸிஸ் சட்டம் கிடையாது. தரைத்தகடும் பாடியும் சேர்ந்தேதான் வண்டியின் எலும்புக்கூடு. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் ஆகியவை போல்ட் போட்டு நிற்பதும் அந்தத் தகடுகளில்தான். பிரேக் ஆயில் போகும் மெல்லிய இரும்புக் குழாயும் அடியில்தான் ஓடுகிறது. அது உள்ளுக்குள் அரித்திருந்தால், அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போதுதான் வெடிக்கும்.

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சட்டங்கள் துருப்பிடித்த வழக்கில் டொயோட்டா 2016-ல் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள், 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட சமரசம். அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். இங்கே அந்த வேலையைக் கடலே இலவசமாகச் செய்கிறது.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. லாரி, டாக்ஸி போன்ற வாகனங்கள் முதல் 8 ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சொந்தக் காருக்கோ பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகுதான் சோதனை, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. காரைக்காலின் பி.ஒய்.02 பதிவெண் கொண்ட ஒரு கார், கடற்கரையிலேயே 15 ஆண்டுகள் நின்றாலும் சட்டப்படி யாரும் அதன் அடியில் குனிந்து பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஐதராபாத்தில் ஓடும் காருக்கும் கருக்களாச்சேரியில் நிற்கும் காருக்கும் ஒரே கெடு. உப்புக்கு இந்தக் கெடுவெல்லாம் தெரியாது. கடலோர மாவட்டங்களில் 7, 8 ஆண்டுகளிலேயே அடிப்பாகத்துக்கு ஒரு எளிய சோதனை வைப்பது நியாயமான கோரிக்கைதான். அது வரும்வரை உரிமையாளரே இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டியதுதான்.

50 வயது தாண்டிய கார்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, வின்டேஜ் பதிவு கேட்கும் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தகடு முழுவதும் அரித்து வெட்டி எறிந்துவிட்டால் 'அசல்' என்று எதைக் காட்டுவது? சேஸிஸ் எண் பொறித்த இடமே துருவில் உதிர்ந்துபோனால் வண்டிக்கு அடையாளமே இல்லை.

கறுப்பு கோட்டிங்கில் என்ன பிரச்சினை?

ரப்பர் அல்லது தார் கலந்த கறுப்புப் பூச்சு கெட்ட பொருள் இல்லை. புதிய, சுத்தமான தகட்டின் மேல் அடித்தால் கல் தெறித்து பெயின்ட் உரிவதைத் தடுக்கும், சத்தத்தைக் குறைக்கும். பழைய காரில் நடப்பது வேறு. ஏற்கெனவே துருவும் உப்பும் இருக்கும் தகட்டை மேலோட்டமாகத் தண்ணீர் அடித்துவிட்டு, ஈரம் காயும் முன்பே மேலே பூசிவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய உப்பு, பூச்சின் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுக்கும். கல் பட்டு ஓரிடத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது.

மேலே இருந்து பார்த்தால் கறுப்பாக, புதுசாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பட்டையாக உரிந்து வரும், பின்னாலேயே செம்மண் மாதிரி துரு கொட்டும். புண்ணைக் கழுவாமல் மேலே பிளாஸ்திரி ஒட்டுவது போன்றது இது. பழைய கார் வாங்கும்போது அடிப்பாகம் மட்டும் புத்தம் புதுக் கறுப்பில் மின்னினால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். சென்னை வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் குறைந்த விலைக்குக் கைமாறுவது உண்டு என்பதால், வெளியூரிலிருந்து வரும் வண்டியில் இன்னும் கவனம் தேவை.

"கழிவு ஆயில அடிச்சு விடுங்க, துருவே வராது" என்பது பட்டறைகளில் கேட்கும் இன்னொரு யோசனை. எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் அமிலமும், உலோகத் துகளும், உடலுக்குக் கேடான பொருட்களும் கலந்திருக்கும். அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும். பிரேக்கில் பட்டால் பிடிப்பே போய்விடும். கடலோர மணல் பூமியில் சொட்டும் ஆயில் நிலத்தடி நீரைத் தேடிப் போக அதிக நேரம் ஆகாது.

பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று விற்கப்படும் மின்கருவிகளையும் நம்ப வேண்டாம். இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கப்பல் முழுக்கக் கடல்நீரில் மூழ்கியிருப்பதால் மின்னோட்டத்துக்கு வழி இருக்கிறது, அதனால் அது வேலை செய்கிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்த வழி கிடையாது. இப்படியான கருவி ஒன்றை விற்ற ரஸ்ட் எவேடர் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 1990-களிலேயே நடவடிக்கை எடுத்தது.

சரி, அப்போ என்னதான் செய்யணும்?

*முதலில் பார்க்கணும்.* வண்டியைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. டார்ச், சிறு சுத்தியல், தட்டை ஸ்க்ரூ டிரைவர் போதும். நல்ல தகடு தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும், அரித்தது 'டொப்' என்று அமுங்கும். ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், பிரேக் குழாய், கார்ப்பெட்டுக்குக் கீழ் உள்ள தரை, ஸ்டெப்னி குழி ஆகியவற்றைத் தவறவிடக் கூடாது. டிக்கியில் மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் அந்தக் குழியில் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

*வெட்டணும், மூடக் கூடாது.* ஓட்டை விழுந்த இடத்தில் ஃபைபரும் பட்டியும் வைத்து மூடுவது ஏமாற்று வேலை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, அதே தடிமன் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றணும். அருகில் பெட்ரோல் டேங்க் இருந்தால் அதையும் இறக்கிவிடணும்.

*உப்பை வெளியேற்றணும்.* பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். கம்பி பிரஷ், கிரைண்டர் போட்டுத் துருவை எடுத்த பிறகும் குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். கப்பல் கட்டும் தளங்களில் பெயின்ட் அடிக்கும் முன் தகட்டில் எவ்வளவு உப்பு மிச்சம் இருக்கிறது என்று அளந்தே பார்க்கிறார்கள். காருக்கு அளக்கும் வசதி இல்லாவிட்டாலும், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி முழுக்கக் காயவைக்கலாம். பிரஷ் எட்டாத குழிகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

*பிறகுதான் பூச்சு.* ரெட் ஆக்சைடு மட்டும் கடலோரத்துக்குத் தாங்காது. இரண்டு கோட் எபாக்சி பிரைமர், மேலே சேஸிஸ் பெயின்ட், கல் தெறிக்கும் சக்கர வளைவுகளில் மட்டும் ரப்பர் பூச்சு. இந்த வரிசையில் வந்தால் அந்தக் கறுப்பு கோட்டிங்குக்கும் ஒரு நியாயமான இடம் கிடைக்கும். பனி இறங்கும் நேரத்தில் அடிக்கக் கூடாது. முற்பகலில் தகடு நன்றாகக் காய்ந்து சூடேறிய பிறகு ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் முடித்துவிடணும்.

*உள்ளறைகளுக்கு மெழுகு.* பெட்டி வடிவச் சட்டங்களின் உள்பக்கம் பிரஷ் போகாது. நீளக் குழாய் முனை வழியாக மெழுகு அல்லது கம்பளிக் கொழுப்பு சார்ந்த திரவத்தைத் தெளிக்க வேண்டும். இவை கல்லாக இறுகாமல், இண்டு இடுக்குகளில் ஊர்ந்து போகும். அடுத்த ஆண்டு பார்க்கும்போது எதையும் மறைக்காது.

சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரம், ரப்பர் குழாய்கள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றில் எதையும் அடிக்கக் கூடாது. தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கவே கூடாது. கோட்டிங் போட்டு அந்தத் துளைகளை மூடிவிட்டால் தகடு தொட்டியாகிவிடும்.

கழுவுவது சரி, எந்தத் தண்ணீரில்?

'அடிக்கடி அடியைக் கழுவுங்க' என்று எல்லோரும் சொல்வார்கள். கடலோரத்தில் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கணும்: அந்தத் தண்ணீர் எப்படி? டெல்டா கடற்கரையில் பல போர்களில் வருவது உப்புத் தண்ணி. அதில் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றின கதைதான். வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீர் காருக்கும் ஆகாது. குழாய்த் தண்ணீரோ, மழைக்காலத்தில் பிடித்துவைத்த கூரைத் தண்ணீரோ நல்லது. இரண்டு குடம் நல்ல தண்ணீர், இருபது குடம் உப்புத் தண்ணீரைவிட மேல்.

நிறுத்தும் இடமும் முக்கியம். ப்ராஜெக்ட் கார் என்றாலே மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார். ஈர மணலிலோ புல்லிலோ நிறுத்தி, தரை வரை தார்ப்பாய் போட்டு மூடினால் கீழிருந்து எழும் ஆவி முழுவதும் அடித்தகட்டில்தான் படியும். சிமென்ட் தரை, மேலே கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம் இருந்தால் போதும்.

எப்போது செய்வது?

கடற்கரைக்குத் தனி நாள்காட்டி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, பழுது பார்த்து, பெயின்ட் அடிப்பது அப்போதுதான். வெயிலும் காய்ச்சலும் கிடைக்கும் அந்த மாதங்களே காரின் அடிப்பாக வேலைக்கும் தோது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியில் ஒரு நல்ல கழுவல், ஒரு பார்வை. தடைக்காலத்தில் சின்னச் சின்னப் பூச்சு வேலை. ஆண்டுக்கு இரண்டு முறை குனிந்து பார்த்தால் பெரும்பாலான துரு காசளவு இருக்கும்போதே பிடிபடும்.

படகின் மேல்பகுதி பெயின்ட் மங்கினாலும் கடலுக்குப் போகலாம், அடிப்பலகை போனால் போக முடியாது என்பது மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஊரில் கார் மட்டும் ஏன் மேலிருந்து கீழாகப் பராமரிக்கப்படுகிறது என்பதுதான் புதிர்.

'பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா?'

நியாயமான கேள்வி. எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியாது. சஸ்பென்ஷன் நிற்கும் இடங்களும் நீளச் சட்டங்களும் உதிர்ந்துபோன வண்டியை, எவ்வளவு ஆசை இருந்தாலும் வாங்காமல் திரும்பி வருவதுதான் புத்திசாலித்தனம். அதனால்தான் அடிப்பாகச் சோதனை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். தகடு நன்றாக இருக்கும் வண்டிக்கு ஆகும் தடுப்புச் செலவு, பின்னால் வரும் வெல்டிங் செலவோடு ஒப்பிட்டால் சின்னதுதான்.

1983 டிசம்பர் 14-ல் பிரதமர் இந்திரா காந்தி கையால் ஹர்பால் சிங் சாவி வாங்கிய முதல் மாருதி 800, அவர் 2010-ல் காலமான பிறகு டெல்லியில் வீட்டு வாசலிலேயே துருவேறிக் கிடந்தது. நாட்டின் மோட்டார் வரலாற்றையே மாற்றிய கார். அதைப் பின்னர் தயாரித்த நிறுவனமே மீட்டுப் புதுப்பித்தது. டெல்லியில் கடலும் இல்லை, உப்புக்காற்றும் இல்லை. அங்கேயே கவனிக்க ஆளில்லாத காருக்கு அந்தக் கதி.

கருக்களாச்சேரி வாசலில் நிற்கும் அப்பாவின் காரை எந்த நிறுவனமும் வந்து மீட்கப்போவதில்லை. அதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டில் ஒருவர் டார்ச்சோடு குனிய வேண்டும், அவ்வளவுதான். புது பெயின்ட் அடுத்த வருஷமும் அடித்துக்கொள்ளலாம்.